மறு உத்தரவு வரும் வரை

"பூஜ்யம் புள்ளி ஒன்பது நாலு" என்று மதிப்பீட்டாளர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒன்னு வரணும்னு சொன்னீங்களே."

"ஒன்னு வந்திருந்தா பஸ் வந்திருக்கும்."

"கொஞ்சம் இழுத்து விட்டா வராதா?"

மதிப்பீட்டாளர் இந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு எண்ணையும் அவர் இழுத்து விட்டதில்லை. போக்குவரத்துத் துறையில் திட்ட மதிப்பீட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊரில் எந்தப் புதுத் தடம் வருவதாக இருந்தாலும், அதனால் மக்களுக்கு என்ன பலன் என்று இந்தப் பக்கம், என்ன செலவு என்று அந்தப் பக்கம் எழுதி, ஒன்றை இன்னொன்றால் வகுக்க வேண்டும். ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் தடம் வரும். குறைந்தால் ஃபைல் அலமாரிக்குப் போகும், ஐந்து வருஷத்துக்கு அதை யாரும் தொடக்கூடாது. அந்த வகுத்தலைச் செய்கிற மனிதர்தான் நம்மவர்.

இப்போது மேசைக்கு வந்திருந்தது ஆஸ்பத்திரித் தடம். பெரிய ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஊரின் மறுகோடியில் அவர் குடியிருக்கும் குடியிருப்பின் பின்புறத் தண்ணீர்த் தொட்டி வரை, ஆற்றங்கரைச் சாலையை அகலமாக்கி, நிழற்குடை கட்டி, நேராக ஒரே பஸ். இப்போது இருப்பதோ இரண்டு பஸ். ஒன்றில் ஏறி, சந்திப்பில் இறங்கி, இன்னொன்றுக்குத் தவம் கிடக்க வேண்டும். நேர் பஸ் வந்தால் ஆளுக்கு நாற்பது நிமிஷம் மிச்சம்.

அந்த ஆள்களில் ஒருத்தி அவருடைய மனைவி. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐந்து மணிக்குக் கிளம்பினால் வீட்டுக்கு வர ஆறு நாற்பது. நாள் முழுக்க ஊர்க்காரர்களின் ரத்தத்தை எடுக்கிறவள், அதற்கப்புறம் தன் ரத்தத்தைச் சந்திப்பில் கொட்டிவிட்டு வருவாள். இந்த விஷயம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினார் என்று பேச்சு வரும் என்று அவர் மூச்சு விடவில்லை. தாளில் அவளும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, அவ்வளவுதான்.

"நீங்க ஒரு நாளாவது அந்த ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னு பார்த்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"அது என் வேலை இல்லம்மா. அதுக்குக் கணக்கெடுக்கிற ஆளு இருக்கு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்த வேகத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவள் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. குடியிருப்பின் பின் சுவரில் ஒரு காலத்தில் ஓர் ஓட்டை இருந்தது. யாரோ எப்போதோ நாலு செங்கல்லைத் தள்ளி வைத்திருந்தார்கள். அதில் நுழைந்து போனால் கடைத்தெருவுக்கு ஏழு நிமிஷம் மிச்சம். எல்லோரும் சந்தோஷமாகக் குனிந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர் நல்லெண்ணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணித் தன் பச்சை நோட்டில் குறித்து, இதை ஒரு முறையான வாசலாக மாற்றலாம் என்று வீட்டு வசதி அலுவலகத்துக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினார். அப்படி ஓர் ஓட்டை இருப்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. தகவலுக்கு நன்றி என்று பதில் போட்டு, ஒரே வாரத்தில் சிமென்ட் வைத்துப் பூசி அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பச்சை நோட்டை எடுத்தாலே குடியிருப்பில் பாதிப் பேருக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்துவிடும்.

மறுநாள் காலையில் மதிப்பீட்டாளர் ஒரு முடிவோடு அலுவலகம் போனார். எண்ணை இழுத்து விடக்கூடாதுதான், ஆனால் எண் சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்க்கலாம் அல்லவா? நேர் பஸ் இருந்தால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை நாமாக ஊகித்துத்தானே போட்டிருக்கிறோம். ஒரு பஸ்ஸைத் தினமும் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குச் சோதனை ஓட்டம், முடிந்ததும் அறிக்கை அனுப்பவும் என்று டெப்போவுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

கடிதத்தைத் தட்டச்சு செய்தது அந்தப் பிரிவின் டைப்பிஸ்ட் அம்மா. முப்பது வருஷ அனுபவசாலி. எந்தக் கடிதமானாலும் கடைசி வரியாக 'மறு உத்தரவு வரும் வரை இது அமலில் இருக்கும்' என்று சேர்த்துவிடுவது அவர் பழக்கம். ஒருமுறை அலுவலகக் கழிப்பறையில் தண்ணீர் வராது என்கிற அறிவிப்பிலும் அதைச் சேர்த்துவிட்டார். தண்ணீர் வந்த பிறகும் ஒரு மாதம் யாரும் உள்ளே போகவில்லை. மதிப்பீட்டாளர் கடைசி வரியைப் படிக்கிற வழக்கத்தை எப்போதோ விட்டிருந்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இரண்டு வாரம் போயிற்று, அறிக்கை வரவில்லை. மூன்று வாரம் போயிற்று. நினைவூட்டல் கடிதம் எழுதினார். 'விஷயம் கவனத்தில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. இரண்டாவது நினைவூட்டலுக்கும் அதே வரி, தேதி மட்டும் வேறு. இந்த டெப்போக்காரர்கள் பஸ்ஸை ஷெட்டை விட்டே எடுத்திருக்க மாட்டார்கள் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். நொந்துகொண்டு என்ன பயன்?

வீட்டில் தன்னால் முடிந்த பரிகாரத்தை அவர் ஆரம்பித்திருந்தார். அலுவலக வேன் அவரை ஐந்தரைக்கெல்லாம் குடியிருப்பின் முன் வாசலில் இறக்கிவிடும். மனைவி வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் சமையல் செய்துவைத்தால் என்ன என்று தோன்றியது. முதல் நாள் உருளைக்கிழங்கு அடியில் கரியாகவும் மேலே பச்சையாகவும் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு விரல்கடை சாப்பிடும்படி இருந்தது. மனைவி அந்த விரல்கடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து அதே உருளைக்கிழங்குக்கு, "நல்லா வந்திருக்குங்க. தினமும் இப்படியே பண்ணுங்களேன்" என்று பாராட்டு கிடைத்தது. அவர் நெகிழ்ந்து போனார். இருபது வருஷக் கல்வாழ்க்கையில், மன்னிக்கவும், கல்யாண வாழ்க்கையில், அவரை அவள் இப்படிப் பாராட்டியதில்லை.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அவள் வரும்போது தலைமுடி நனைந்திருந்தது. கழுத்தோரம் தண்ணீர் சொட்டியது.

"என்னம்மா இது?"

"இரண்டாவது பஸ்ல நெரிசல். வேர்த்துக் கொட்டுது."

லேசாக பிளீச்சிங் பவுடர் வாசனையும் வந்தது. பாவம், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலையும் இவள் தலையில் விழுகிறது போல என்று நினைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடும் முறையை ஒவ்வொரு பிரிவும் மேம்படுத்த வேண்டும், மேம்படுத்தியதை எடுத்துக்காட்டோடு நிரூபிக்க வேண்டும். இயக்குநர் குதூகலமாகிவிட்டார். அவருக்கு எதையாவது மேம்படுத்தச் சொன்னால் போதும், மதியச் சாப்பாடு வேண்டாம்.

மதிப்பீட்டாளர் தயங்காமல் ஆஸ்பத்திரித் தடத்தையே எடுத்துக்காட்டாக நீட்டினார். பழைய கையேட்டில், பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற நிமிஷமும் பஸ்ஸில் உட்கார்ந்து போகிற நிமிஷமும் ஒன்று. ஒரு நாளாவது வெயிலில் நின்றவன் இப்படி எழுதியிருக்க மாட்டான். காத்திருப்புக்கு இரட்டை மதிப்புக் கொடுக்கலாம் என்றார். ஒன்பது நாலு ஒன்றைத் தாண்டிவிடும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அதற்குச் சந்திப்பில் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுக்கப் போனவர் ஒரு குண்டு அம்மாள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வெயிலோ மழையோ பெரிய கறுப்புக் குடையை விரித்து அதன் கீழ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு ஆளை இரண்டு தடவை எண்ணுவது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. மூன்று நாள் எண்ணிவிட்டு வந்து தாளை நீட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்த இடத்தில் இருநூற்று முப்பது.

"மத்தவங்க எங்கம்மா?"

"எங்கேயோ போயிட்டாங்க சார். எங்கன்னு கேட்டு எழுதட்டுமா?"

மதிப்பீட்டாளர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குப் படிவத்துல இடம் இல்லையேம்மா. சந்திப்புல நிக்கிறவங்களை எண்ணுங்கன்னுதான் போட்டிருக்கு. வராதவங்களை எண்ணுங்கன்னு இல்லை."

குடைக்காரம்மா அவரை ஒரு நிமிஷம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுப் போனார். கணக்கு டீச்சர்கள் கடைசி பெஞ்சுக்கு என்று ஒரு பார்வை வைத்திருப்பார்கள், அதே பார்வை.

காத்திருப்புக்கு இரட்டை மதிப்புப் போட்டும், காத்திருக்க ஆள் இல்லாததால் பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று வந்தது.

அன்று சமையலறையில் நின்று, வெட்டிய வெங்காயத்துக்கும் தன் நிலைமைக்கும் சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, "விடுங்க, நீங்க என்ன செய்வீங்க" என்றாள். இந்த அன்பு அவரை இன்னும் வதைத்தது.

விடுவேனா என்று அடுத்த மேம்பாட்டில் இறங்கினார். நெரிசல்! நசுங்கிக்கொண்டு போகிற நிமிஷத்துக்கும் சாய்ந்து உட்கார்ந்து போகிற நிமிஷத்துக்கும் ஒரே மதிப்பா? மனைவியின் ஈரத் தலையை நினைத்துக்கொண்டே இதை எழுதினார். இயக்குநர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். குடைக்காரம்மா இரண்டாவது பஸ்ஸில் ஒரு வாரம் ஏறி இறங்கினார். வந்து சொன்னது என்னவென்றால், பஸ்ஸில் பாதி சீட் காலி, தான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கமே போட்டுவிட்டதாக.

"வேர்வை?"

"நல்ல காத்து சார்."

அவர் குழம்பிப் போனார். தாளை நம்புவதா, தாலி கட்டிக்கொண்டவளை நம்புவதா? இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தாள்மேல் சந்தேகம் வந்தது. ஆனாலும் தாளில் இருப்பதைத்தானே போட முடியும். பூஜ்யம் புள்ளி ஆறு ஆறு.

குடியிருப்பிலும் காற்று மாறியிருந்தது. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் முன்பெல்லாம் அவரைக் கண்டால் விடமாட்டார். எப்போ சார் நேர் பஸ், எப்போ சார் நேர் பஸ் என்று உயிரை வாங்குவார். இப்போது இவரைப் பார்த்ததும் பேச்சைச் சட்டென்று வானிலைக்கு மாற்றிவிடுகிறார். பின்புறத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாலையில் காலாற நடந்துவரலாம் என்று ஒரு நாள் இவர் கிளம்பியபோது, அந்தப் பக்கம் நாய்த் தொல்லை என்று கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். பஸ் விடாத கோபம் இருந்தாலும் நாய் கடிக்கக்கூடாது என்று நினைக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று மதிப்பீட்டாளர் நினைத்துக்கொண்டார்.

கடைசி மேம்பாடு எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. பழைய முறையில் அதிகச் சம்பளக்காரரின் நிமிஷத்துக்கு அதிக மதிப்பு. இது அநியாயம், எல்லோர் நிமிஷமும் அவரவருக்கு உசத்திதான், அவரவரையே கேட்டுப் போடுவோம் என்றார். மனைவி அன்றைக்குக் கேட்ட கேள்வி அதில் இருந்தது. இயக்குநர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

குடைக்காரம்மா சந்திப்பில் மிச்சம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பேட்டி கண்டார். ஒரு பெரியவர், வீட்டில் மருமகன் வந்திருப்பதால் எவ்வளவு தாமதமாகப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்றார். இன்னொருவர் பக்கத்துக் கடையில் ஓசியில் பேப்பர் படிக்க வருகிறவர், பஸ்ஸில் ஏறுவதே இல்லை. ஒரு காதல் ஜோடி, நாற்பது நிமிஷம் மிச்சமானால் தங்களுக்குப் பெரிய நஷ்டம் என்று எழுதிக்கொள்ளச் சொல்லி, இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மிச்சமாகிற நேரத்தால் நஷ்டம் என்பதைக் கழித்தல் குறி போட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது.

பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு.

"பிரமாதம்" என்றார் இயக்குநர். ஒன்பது நாலு என்று பொய்யாக மினுக்கிக்கொண்டிருந்த திட்டத்தை மூன்று எட்டு என்று தோலுரித்துக் காட்டியதுதான் மேம்பாட்டுக்கு அத்தாட்சி, இதை எல்லாப் பிரிவுக்கும் பாடமாக வைக்கப் போகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். அதற்குள் ஃபைலை மூடிவிடும்படி சொன்னார். டைப்பிஸ்ட் அம்மா மூடுகிற கடிதத்தைத் தயார் செய்துவிட்டார். இந்தத் தடம் சம்பந்தமாக இதுவரை அனுப்பிய எல்லா உத்தரவுகளும் ரத்து, நகல் எல்லா அலுவலகங்களுக்கும், டெப்போவுக்கும். மதிப்பீட்டாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அவர் இதை மனைவியிடம் சொன்னார். இந்த எட்டு மாசத்தில் அவர் சமையல் வெகுவாகத் தேறியிருந்தது. முட்டைக் குழம்பில் உப்பு அளவாக இருந்தது. மூன்று எட்டு என்றதற்கு மனைவி வழக்கம்போல ஆறுதலாகத் தலையாட்டினாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்கு எதுவும் இல்லை. பழைய உத்தரவு எல்லாத்தையும் ரத்து பண்றோம்."

அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "எந்தப் பழைய உத்தரவு?"

"எல்லாம்தான். டெப்போவுக்குக்கூட ஏதோ ஒன்னு போட்டிருந்தேன், அதுவும் சேர்த்து."

"கையெழுத்துப் போடாதீங்க."

"போடாம எப்படிம்மா? எண் வந்துடுச்சே."

"உங்க எண்ணும் நீங்களும்" என்று எழுந்து போனாள். எட்டு மாசத்துக்குப் பிறகு மறுபடி குழாய் அந்தப் பழைய வேகத்தில் திறந்தது. அவள் படுத்தும் தூங்கவில்லை, அது அவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவரும் தூங்கவில்லை. எட்டு மாசமாக மனசுக்குள் ஆசையைப் பூட்டி வைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தார். ஊருக்கெல்லாம் வகுத்துப் பார்த்த மனுஷன், வீட்டில் ஒருத்திக்கு ஒரு பஸ் விட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை. கூட்டத்தை ஏதோ காரணத்துக்காகத் திங்கட்கிழமைக்குத் தள்ளியிருந்தார்கள். கடிதம் மட்டும் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மூடுகிற ஃபைலானாலும் ஒரு தடவை அவள் படுகிற பாட்டைப் பட்டுப் பார்த்துவிட்டு மூடுவோம் என்று தோன்றியது. அன்றைக்கு அவள் கேட்டாளே, ஒரு நாளாவது வாசலில் நின்று பார்த்தீர்களா என்று. கடிதத்தைப் பைக்குள் வைத்தார். வேன்காரரிடம் இன்றைக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு நாலரைக்கே நடையைக் கட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் போய் நின்றபோது ஐந்தாக ஐந்து நிமிஷம். பழச்சாறு விற்கிற வண்டி, கட்டுப் போட்ட கையோடு ஒருவர், வேலை முடிந்து வெளியே வருகிற செவிலியர்கள், பார்வையாளர்கள். சந்திப்புக்குப் போகிற பஸ் வந்தது. இரண்டே பேர் ஏறினார்கள். மதிப்பீட்டாளர் ஏறப் போனார். ஆனால் மற்றவர்கள் யாரும் நகரவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம், மரத்தடியில், நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். இவர்கள் எதற்கு நிற்கிறார்கள்? படிவத்தில் இந்த இடமே கிடையாதே.

அவரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஐந்து அடித்ததும் ஒரு பஸ் வந்தது. முன் கண்ணாடியில் அட்டை ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தது. வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, ஓரம் மடங்கியிருந்தது. சோதனை ஓட்டம், ஆற்றங்கரைச் சாலை வழி என்று எழுதியிருந்தது.

மதிப்பீட்டாளர் அட்டையை இரண்டு தடவை படித்தார். கூட்டம் அவரைப் பின்படியில் ஏற்றிவிட்டது. பஸ் கிளம்பி, சந்திப்புப் பக்கம் தலைகூடக் காட்டாமல், நேராக ஆற்றங்கரைச் சாலையில் இறங்கியது. ஜன்னலில் ஆற்றுக் காற்று வீசியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் மெதுவாகக் கேட்டார், இந்த பஸ் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று.

"எட்டு மாசம் ஆச்சு சார். காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. நிக்க இடம் இருக்காது."

"ரெண்டு வாரத்துக்குத்தானே உத்தரவு?"

"யார் சொன்னது?" கண்டக்டர் டிக்கெட் பையின் உள்ளறையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். எத்தனையோ செக்கர்களிடம் காட்டிக் காட்டி உறை மங்கியிருந்தது. கடைசி வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. மறு உத்தரவு வரும் வரை இது அமலில் இருக்கும். அதற்குக் கீழே மதிப்பீட்டாளரின் கையெழுத்து, சுழி முதற்கொண்டு.

"அறிக்கை கேட்டு டெப்போவுக்கு லெட்டர் வருமாம். முடிஞ்சாத்தானே சார் அறிக்கை எழுதறது" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் முன்னால் போய்விட்டார்.

மதிப்பீட்டாளர் அந்த இடத்தில் நின்றபடியே சிரித்தார். கண்ணில் நீர் வந்தது, அதையும் விடாமல் சிரித்தார். சந்திப்பில் காணாமல் போன அத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள். தடம் வேண்டாம் என்று எட்டு மாசமாக அவர் நிரூபித்துக்கொண்டிருந்ததற்குக் காரணமே தடம் ஓடிக்கொண்டிருந்ததுதான். இதை எண்ணிப் போட்டால் ஒன்று என்ன, ஒன்றரை வரும். மனைவிக்கு முறையான தடம், நிழற்குடை, அகலச் சாலை. இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவள் ஏன் இன்னும் ஆறு நாற்பதுக்கு, வேர்வையில் நனைந்து... அந்த யோசனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டுப் பச்சை நோட்டைக் கையில் எடுத்தார். பின் சீட்டிலிருந்து வாய்விட்டே எண்ண ஆரம்பித்தார்.

பத்து வரை யாரும் கவனிக்கவில்லை. இருபதில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரை இடித்தாள். முப்பதில் பேச்சுச் சத்தம் அடங்கியது. ஒவ்வொரு சீட்டாக முன்னேறினார். நாற்பத்தொன்று, ஆஸ்பத்திரி வாட்ச்மேன். நாற்பத்திரண்டு, முகத்தை முழுக்க ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒருவர். அந்த வழுக்கை அவருக்குத் தெரிந்த வழுக்கை, நாய்த் தொல்லை சொன்ன பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். இவர் இங்கே என்ன செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே அடுத்த சீட்டுக்கு வந்தார்.

நாற்பத்து மூன்று, அவர் மனைவி. மடியில் ஒரு பை. பையின் வாயிலிருந்து ஒரு துண்டும், நீச்சலடிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற ரப்பர் கண்ணாடியும் எட்டிப் பார்த்தன. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நகராட்சி நீச்சல் குளம் இருப்பதை அவர் வரைபடத்தில் பார்த்திருக்கிறார். மனைவி அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள், அந்தச் சுவரில் பூசிய சிமென்ட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

டிரைவர்கூட வேகத்தைக் குறைத்துவிட்டார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நோட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், அப்புறம் பென்சிலை அவர் விரலிலிருந்து மெல்ல உருவி அவர் சட்டைப் பையிலேயே செருகினார்.

"பச்சை நோட்டு சார் நீங்கதானா? நாப்பத்தி மூணோட விட்டுடுங்க சார், நீங்க எண்ணினா எதுவா இருந்தாலும் மூடிடுவாங்கன்னுதான் அக்கா எட்டு மாசமா பஸ் வர்ற நேரத்துக்கு உங்களை அடுப்பங்கரையில நிக்க வச்சிருக்காங்க."